இலை விட்ட தேக்குக் குச்சிகள்

உடையார்பாளையம் பக்கம் ஒரு வனத்துறை நாற்றங்காலில் எனக்குத் தற்காலிக வேலை. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள் என்பதால் கையில் மண்வெட்டி இல்லை, நோட்டும் பேனாவும். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்தான். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

தேக்குக் கிளைகளைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, அடிமுனையை ஹார்மோன் பவுடரில் தொட்டு, மணலில் ஊன்றி, பாலிதீன் கூடாரத்துக்குள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். வேர் பிடித்தால் எனக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் தை மாதத்தில் விக்கிரமங்கலத்து அத்தை மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அப்பா அவ்வளவுதான் தவணை கொடுத்திருந்தார்.

கூடாரத்துக்குள் குனிந்துதான் நுழைய முடியும். உள்ளே இழுக்கும் மூச்சுகூட வெந்நீராக இருக்கும். பூவாளியோடு தண்ணீர் ஊற்ற வரும் கூலிக்கார அக்கா வாசலிலேயே நின்று சிரிப்பாள்.

"குச்சிக்கெல்லாம் பவுடர் பூசி வுடுறியே, உனக்கு எப்பம்மா பூசி வுடறது?"

"மொதல்ல இதுங்களுக்கு முடியட்டும்க்கா."

மூன்றாம் வாரம் குச்சிகளில் பச்சை இலை விட்டது. யாரையும் கேட்காமல், குண்டுகுண்டான எழுத்தில் வார அறிக்கையில் எழுதினேன்: 'எல்லாக் குச்சிகளும் வேர் பிடித்துவிட்டன.' ரேஞ்சர் அதைத் திருச்சிக்கு அனுப்பினார். பெரிய அதிகாரி வியாழக்கிழமை வருகிறார், நடுவதற்குக் குழி வெட்டுங்கள் என்றார்.

புதன்கிழமை ஒரு குச்சியை இழுத்துப் பார்த்தேன். ஊன்றிய மாதிரியே வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் மரு மாதிரி ஒரு வெள்ளை வீக்கம். வேர் ஒரு மயிரிழைகூட இல்லை. குச்சிக்குள் மிச்சமிருந்த சத்தில்தான் இலை வந்திருக்கிறது. இன்னும் நான்கைந்தைப் பிடுங்கினேன். எல்லாம் அப்படியே. திரும்ப ஊன்றி மணலைத் தட்டிவிட்டேன்.

"என்னம்மா, புடுங்கிப் புடுங்கி நடறே?"

"ஒண்ணுமில்லக்கா."

மறுநாள் அதிகாரி இலைகளைத் தொட்டுப் பார்த்து, "கைராசிக்காரப் பொண்ணு! வேலைக்கு ஆர்டர் போட்டுடலாம்" என்றார். ஆட்கள் குச்சிகளை எடுக்கக் குனிந்தார்கள். குழிக்குப் போனால் ஒரே வாரத்தில் அத்தனையும் கருகும். நான் ஒன்றை உருவி அவர் முன்னால் நீட்டினேன்.

"வேர் இல்ல சார்."

"அப்ப எழுதுனது?" என்றார் ரேஞ்சர்.

"இலையப் பாத்து எழுதிட்டேன் சார்."

அதிகாரி கோபப்படவே இல்லை. "முத்துன கிளையில எடுத்திருக்கீங்க. வெட்டுன அடிக்கட்டையில இளந்துளிர் வரும், அதுல எடுக்கணும். காலேஜ்ல படிச்ச ஆள் ஒருத்தர அனுப்புறேன். அவர் வர்ற வரைக்கும் தண்ணி மட்டும் ஊத்திட்டு இரும்மா." நோட்டை ரேஞ்சர் வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைவதற்குள் அப்பா கேட்டார், "ஆர்டர் குடுத்துட்டாங்களா?"

"இல்லப்பா."

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "சரி. அத்தை வூட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினார்.