அப்பாவின் குரலும் எங்கள் ஊர் கரண்டும்

சிகாகோவில் எங்கள் வீட்டு ப்ளக் பாயின்ட்டுகளுக்கு சுவிட்ச் கிடையாது. செருகினால் மின்சாரம், உருவினால் இல்லை. ஒன்பது வருடமாகியும் இஸ்திரிப் பெட்டியைச் செருகியதும் என் விரல் சுவிட்சைத் தேடிப் போகிறது. இந்த நாட்டு மின்சாரத்தின் அழுத்தம் நம்முடையதில் பாதிதான் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் ஒருநாள் மறந்தேன்.

அப்பா காஞ்சிபுரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் தனியார் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். பஸ் ஸ்டாண்டில் அவர் ஊர்ப்பெயர்களைக் கூவினால் கடைசிப் பழக்கடை வரைக்கும் கேட்கும். பள்ளி விட்டு வரும்போது அந்தக் குரலை வைத்தே அவர் வண்டி நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பேன். போன வருடம் தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு ஒரு நோட்டில் எழுதிக் காட்டினார். போனில் அம்மா மட்டும் பேசுவாள்.

கழுத்தில் வைத்து அழுத்தினால், வாயசைப்பைப் பேச்சாக்கும் கைக்கருவி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, இங்கே ஒரு மருத்துவக் கருவிக் கடைக்குப் போனேன். எங்கள் ஊர் கரண்டுக்கு இது சரிப்படுமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். கடைப்பெண் சிரித்த முகத்தோடு, ஆமாம், இதுதான் மிகவும் ‘கரண்ட்’ மாடல் என்றாள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ‘இன்றைய, புத்தம்புதிய’ என்றும் ஒரு பொருள் உண்டு; அவள் அப்படி எடுத்துக்கொண்டிருக்கிறாள். நான் நன்றி சொல்லி வாங்கிவந்தேன்.

மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போன அன்று கருவியில் சார்ஜ் இருந்தது. அப்பா கண்ணாடி முன் நின்று கழுத்தில் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். முதலில் வண்டின் ரீங்காரம்தான் வந்தது. பிறகு, ஏற்ற இறக்கமே இல்லாத குரலில், “ரோசி, காப்பி குடு” என்றார். அம்மா அடுப்பை அணைக்காமல் ஓடிவந்து, இன்னொரு தடவை கூப்பிடச் சொன்னாள். இரண்டு நாள் ஓயாமல் பேசினார். எழுதச் சோம்பல்பட்டு விட்டுவைத்திருந்த சண்டைகளையெல்லாம் அம்மாவோடு போட்டுத் தீர்த்தார்.

மூன்றாம் நாள் காலை சார்ஜரைச் செருகியவள் நான். ப்ளக்கின் முள்ளை மாற்றும் அடாப்டர் இருந்தால் போதுமென்று நினைத்துவிட்டேன். டப்பென்று ஒரு சத்தம், கருகிய வாடை. அப்பா கருவியைக் கழுத்தில் வைத்து வாயை அசைத்தார். ஒன்றும் வரவில்லை. நோட்டை எடுத்து, “பரவால்லமா” என்று எழுதினார். திட்டி எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மிக்ஸி, டிவி பழுதுபார்க்கும் காதர் பாயிடம் இருவரும் போனோம். அவர் சார்ஜரைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்தார்.

“இன்னாமா, நூத்தி இருவதுன்னு போட்டுக்கிறான். நம்ம ஊர்ல எரநூத்தி முப்பதாச்சே. பாக்கலியா?”

“கடையில கேட்டுதான் வாங்கினேன் பாய்.”

அவர் திறந்து பார்த்தார். “சார்ஜர் பூடுச்சு. பேட்டரிக்கு ஒண்ணும் ஆவல. நம்ம கரண்டுக்கு வேற ஒண்ணு கட்டித் தரேன், நாலு நாள் ஆவும்.” பிறகு அப்பாவைப் பார்த்து, “உங்க வண்டியில எத்தினி வாட்டி வந்துக்கிறேன். பேச வெக்காம உட்டுடுவனா?” என்றார். அப்பா சத்தமில்லாமல் சிரித்தார்.

அந்த நாலு நாளும் வீட்டில் நான்தான் அதிகம் பேசினேன். ஐந்தாம் நாள் பாய் கட்டித் தந்த சார்ஜர் வேலை செய்தது.

திரும்பி வந்த பிறகு வேறொரு தொல்லை. இங்கே வாங்கி அப்பாவிடம் கொடுத்திருந்த போன், வீடியோ காலில் அவர் குரலை வெட்டிவிட்டது. பின்னணி இரைச்சலை வடிகட்டும் வசதி அதில் இருக்கிறது. அப்பாவின் பேச்சையும் அது இரைச்சலாக எடுத்துக்கொண்டது. வாயசைவது தெரியும், சத்தம் வராது. அம்மாவுக்கு ஒவ்வொரு பட்டனாகச் சொல்லி, அதை அணைக்க வைத்தேன்.

இப்போது சனிக்கிழமை காலைகளில், அங்கே சாயங்காலம், அப்பா வாசலில் நின்று பேசுகிறார். அவர் குரலோடு ஆட்டோ ஹாரனும், பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும், கோயில் மேளமும், யாரோ யாரையோ கூப்பிடுவதும் சேர்ந்தே வருகின்றன. சிகாகோவில் பிறந்த என் மகள், “அம்மா, ரொம்ப சத்தம்” என்று தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஜன்னலுக்கு வெளியே ஓசையில்லாமல் பனி விழுகிறது.

“இங்க ஒரே சத்தமா இருக்குது. உள்ள போவட்டாமா?” என்றார் போன வாரம்.

“வேணாம்பா. அங்கயே நில்லு.”