பெருமாள்மலையில் நின்ற பஸ்

1962 கோடை சீசனில் மலைக்குக் கூட்டம் குவிந்தது. தனியார் பஸ் டிரைவர் நல்லசாமி இரவும் பகலும் வண்டி ஓட்டியதில் இரண்டு இரவுகளாகச் சரியாகத் தூங்கவில்லை. மூன்றாம் நாள் காலை கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது, ஒரு வளைவைத் தாண்டி வந்ததே அவருக்கு நினைவில்லை. கண் திறந்துதான் இருந்தது. பயந்துபோனவர் பெருமாள்மலையில் வண்டியை ஓரங்கட்டிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

"தூக்கம் கண்ணைக் கட்டுதுங்க. கொஞ்சம் படுத்து எந்திரிச்சாத்தான் எடுப்பேன்."

"எங்க சோலி கெட்டுப்போகுமேப்பா!" என்று ஒருவர் கத்தினார்.

பூண்டு மூட்டையோடு வந்திருந்த பூம்பாறை வீரம்மாள் முதல் ஆளாக இறங்கினாள். "அவரு தூங்கட்டும். நாம உசுரோட போய்ச் சேர வேணாமா?" என்றாள். மற்றவர்களும் முனகிக்கொண்டே இறங்கினார்கள். நல்லசாமி பின் சீட்டில் அயர்ந்து தூங்கினார். எழுந்து முகம் கழுவியதும் பஸ்ஸைப் பத்திரமாகக் கீழே கொண்டு சேர்த்தார்.

தாமதமானதற்கு முதலாளி கோபித்தார். "என் சீட்டைக் கிழிச்சு வீட்டுக்கு அனுப்பினாலும் சரிங்க. தூக்கக் கலக்கத்துல மலையில வண்டி ஓட்ட மாட்டேன்" என்றார் நல்லசாமி.

அடுத்த வாரமே முதலாளி மாற்று டிரைவர் ஒருவரைச் சேர்த்தார். இரவு முழுக்க ஓட்டியவரைக் காலையில் மறுபடி மலைக்கு அனுப்பும் வழக்கம் அந்தக் கம்பெனியில் அதோடு நின்றது. அது தன்னால்தான் நின்றது என்று நல்லசாமி கடைசிவரை தலைநிமிர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்.