ஆங்குக்கும் ஆகுவுக்கும் நடுவில்

கண்ணைக் கட்டுவதில் எங்கள் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். பொய் எதற்கு, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். துண்டை மடித்துப் பின்னால் ஒரு முடிச்சுப் போட்டால் வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மூக்கின் இரண்டு பக்கமும் ஒரு சந்து இருக்கும். அதன் வழியாகத் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே நடந்து, உடைக்க வேண்டிய பானைக்கு நேராகப் போய் நிற்கிற கெட்டிக்காரிகள் உண்டு. நான் அந்தச் சந்தில் இரண்டு பஞ்சு உருண்டைகளை வைத்து, அதன் மேல் துண்டைக் கட்டுவேன். கட்டி முடித்ததும் முகத்துக்கு நேரே சட்டென்று கையை ஓங்குவேன். தலை பின்னால் போனால் அவிழ்த்து மறுபடி கட்டுவேன்.

நர்சரி பள்ளியில் எல்கேஜி பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். தெருவே என்னை மிஸ் என்றுதான் கூப்பிடும். பிறந்தநாள், வளைகாப்பு, காணும் பொங்கல், எதுவானாலும் விளையாட்டு நடத்த என்னைத்தான் கூப்பிடுவார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு யானைப் படத்துக்கு வால் ஒட்டுவது, கலந்து கொட்டிய பருப்பு வகைகளைத் தடவிப் பார்த்துப் பிரிப்பது, ஒருத்தி நெற்றிக்கு ஒருத்தி பொட்டு வைப்பது. பொட்டு மூக்கு நுனியில் போய் உட்கார்ந்ததும் கூடத்தில் ஒரு சிரிப்பு எழும் பாருங்கள், அந்தச் சிரிப்புக்கு நான்தான் சொந்தக்காரி என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் என் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் நகரிக்காரி. எங்கள் திருத்தணியில் பஸ் ஏறி உட்கார்ந்து ஒரு பாட்டு கேட்டு முடிப்பதற்குள் ஆந்திரா வந்துவிடும், அவ்வளவு பக்கம். நாங்களும் தெலுங்கு காதில் விழுந்தே வளர்ந்தவர்கள்தான். ஆனால் எங்களுடையது கடைத்தெருத் தெலுங்கு, அவளுடையது வீட்டுத் தெலுங்கு. கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். அங்கே ஊழியர்களுக்கு மாதம் ஒருநாள் விளையாட்டு நடத்துவார்களாம். அதை நடத்தியது இவளாம். இப்போது எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து லேப்டாப்பில் அதே கம்பெனிக்கு வேலை செய்கிறாள். என்னை அக்கா என்பாள், என் கணவரைப் பாவா என்பாள். வந்த ஒரே மாதத்தில் என் மாமியாரின் மாத்திரை நேரம் முதற்கொண்டு அவளுக்கு அத்துப்படி. குறை சொல்ல ஒன்றும் இல்லாததே எனக்குப் பெரிய குறையாக இருந்தது.

என் மகளின் பிறந்தநாளில்தான் முதல் அடி விழுந்தது. நான் யானைப் படத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தேன். நகரிக்காரி ஒரு பையிலிருந்து கறுப்புக் கண்பட்டைகளை எடுத்தாள். எலாஸ்டிக் வைத்தது, ஆன்லைனில் வாங்கியது. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நடுவில் உட்கார வேண்டும். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பக்கத்தில் போய் ஆடு மாதிரி கத்த வேண்டும். யார் என்று அவர் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் விளையாட்டு. இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். முதல் ஆளாக என் கணவர் போய் உட்கார்ந்தார்! பதினைந்து வருஷமாக என் விளையாட்டுக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்காத மனிதர்.

"பாவா, இப்ப கத்தினது யாரு, சொல்லுங்க!" என்று அவள் கேட்க, அவர் ஒவ்வொருவராகச் சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பக்கத்து வீட்டுக்காரரைச் சொன்னார், அம்மாவைச் சொன்னார், மகளைச் சொன்னார். நான் போய் "மே" என்றேன். அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து யோசித்துவிட்டு, "இது நம்ம நகரிப் பொண்ணு" என்றார்.

கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் காபியைக் கொடுக்கும்போது கேட்டேன், என் குரல் கூடவா தெரியவில்லை என்று. "மேன்னு கத்தினா ஆடு மாதிரிதாண்டி இருக்கும், உன்ன மாதிரியா இருக்கும்?" என்றார். நியாயம்தான். ஆனாலும் வயிறு எரிந்தது. அடுத்த பிறந்தநாள் வீட்டில் யானைப் படம் சுருட்டியபடியே இருந்தது. அதற்கடுத்த வளைகாப்பில் என்னைச் சாப்பாட்டுப் பந்தியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டு, உள்ளே கேட்கும் சிரிப்பை எண்ணிக்கொண்டிருந்தேன்.

போன வருஷப் பொங்கலுக்கு முந்தைய வாரம் தெருச் சங்கத்துச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். கே.ஜி.கண்டிகை பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவர். காணும் பொங்கல் விளையாட்டுக்கு வருஷா வருஷம் என்னைக் கூப்பிட வருவது அவர்தான். நான் டீ போட அடுப்பைப் பற்றவைத்தேன். அவர் வாசலில் நின்றபடியே, "சின்ன மிஸ் இருக்காங்களா?" என்றார்.

சின்ன மிஸ்! அவள் ஒரு நாளாவது ஒரு குழந்தைக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்திருப்பாளா? எல்கேஜி வகுப்பில் தொண்டை கட்டி நான் சம்பாதித்த பெயரை, முன்னால் ஒரு சின்னதைச் சேர்த்து அவளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "அக்கா இல்லாம நான் எப்பிடிங்க? ரெண்டு பேரும் சேந்து பண்றோம்" என்றாள். போனால் போகிறது என்று எனக்குப் பாதி இடம் கொடுத்தது போல இருந்தது. அவள் என்னை மறந்திருந்தால் கூட இவ்வளவு வலித்திருக்காது.

காணும் பொங்கல் அன்று, மின் கம்பத்துக்கும் எதிர்வீட்டு மாடிக்கும் நடுவே கயிறு கட்டி, மஞ்சள் தண்ணீர் நிரப்பிய பானையைத் தொங்கவிட்டிருந்தோம். பெண்களுக்கான பானை உடைப்பில் அவள் ஒரு புதுமை செய்தாள். தனித்தனியாக ஆடக் கூடாது, ஜோடியாக ஆட வேண்டும். ஒருத்தி கண்ணைக் கட்டிக்கொண்டு கழியோடு நடக்க வேண்டும், இன்னொருத்தி ஓரத்தில் நின்று வாயால் மட்டும் வழி சொல்ல வேண்டும். எப்படி என்று நானும் அவளும் முதலில் ஆடிக் காட்டுவதாக அவளே மைக்கில் சொல்லிவிட்டாள்.

"பட்டை வேணாம்கா. நீங்களே கட்டுங்க" என்று எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். பஞ்சு வைத்துக் கட்டினேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நன்றாக யாருக்கும் கட்டியதில்லை. கையை ஓங்கினேன். தலை அசையவே இல்லை.

"அக்கா, எடம்னு மட்டும் சொல்லாதீங்க. நீங்க 'அந்த எடத்துல'ம்பீங்க, நான் எங்க தெலுங்கு 'எடம'ன்னு நெனச்சு எடது பக்கம் திரும்பிடுவேன். லெப்ட்டு, ரைட்டு சொல்லுங்க. நேரா போறதுக்கு ஆங் சொல்லுங்க. நிக்கணும்னா ஆகு சொல்லுங்க, தெலுங்குல சொன்னா கால் தன்னால நின்னுடும்" என்றாள்.

ஆங் என்றால் எங்கள் ஊரில் ஆமாம், சரி. ஆகு என்றால் தெலுங்கில் நில். இரண்டும் பால்வாடிக் குழந்தைக்குக் கூடத் தெரியும்.

மூன்று சுற்றுச் சுற்றிவிட்டேன். "ரைட்டு" என்றேன், திரும்பினாள். "ஆங், ஆங்" என்றேன், நடந்தாள். மற்றவர்கள் தடவித் தடவி நடப்பார்கள். அவள் கடைக்குப் போகிறவள் போல நடந்தாள். பானைக்கு இரண்டு எட்டுதான் பாக்கி. தெரு முழுக்க விசில். என் கணவர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டே, "அப்பிடித்தான், விடாத!" என்று கத்தினார். நான் நடத்திய இத்தனை வருஷத்தில் எந்தப் பெண்ணும் முதல் அடியில் பானையை உடைத்ததில்லை. இவள் உடைத்துவிடுவாள். நான் வழி சொல்லி, நான் கண் கட்டி, கைதட்டல் அவளுக்கு.

"லெப்ட்டு" என்றேன்.

அவள் பானையை விட்டு விலகித் திரும்பினாள். ஜனம் சிரித்தது. நன்றாக இருந்தது. கொஞ்ச தூரம் அலையவிட்டுத் திரும்பக் கூட்டி வரலாம் என்றுதான் நினைத்தேன். "ஆங், ஆங்" என்றேன். அந்தப் பக்கம் சாக்கடைக் கால்வாய். அடைப்பு எடுக்க யாரோ ஒரு மூடுகல்லைப் புரட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு ஆள் கால் போகிற அளவுக்குத் திறப்பு. ஜனம் எனக்குப் பின்னால் நின்றதால் அது என் கண்ணுக்கு மட்டும்தான் நேராகத் தெரிந்தது. அதற்கு ஒரு எட்டு முன்னால் அவள் தானாகவே நின்றாள். வலது காலைத் தூக்கியபடி, காதை என் பக்கம் திருப்பினாள்.

"ஆங்" என்றேன்.

ஒரு நொடியில் நடந்துவிட்டது, வாய் தவறிவிட்டது என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு நொடிக்குள் நிறைய நினைக்க முடியும். மே என்று கத்தியது, சாம்பார் வாளி, சின்ன மிஸ், எல்லாம் எனக்கு நினைவு வந்தது. ஆகுவும் நினைவு வந்தது. அதை நான் சொல்லவில்லை.

அவள் காலை வைத்தாள். கழி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். கணுக்கால் திரும்பிய விதத்தைப் பார்த்தே எலும்பு போய்விட்டது என்று தெரிந்தது. ஓடிப்போய்த் தூக்கினார்கள். கூட்டத்தில் ஒரு அம்மா என்னைப் பார்த்து, "இன்னா மிஸ், நீங்க பாத்துகினுதானே இருந்தீங்க? இன்னா சொன்னீங்க?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் விழுந்தவள் முந்திக்கொண்டாள். கண்ணில் துண்டு பாதி அவிழ்ந்து தொங்க, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "அக்கா ஆகுன்னுதாங்க சொன்னாங்க. எனக்குத்தான் ஆங்னு கேட்டுச்சு" என்றாள்.

"அப்பிடியா மிஸ்?"

"ஆங்" என்றேன் நான்.

செயலாளரின் ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாவுக்கட்டோடு வந்தாள். நகரிக்காரிக்கே ஆகு புரியவில்லையாம் என்று தெருவில் ஒரு மாதம் சிரித்தார்கள். என் கணவர் அதை எல்லோரிடமும் நடித்துக் காட்டினார். அவளும் சேர்ந்து சிரித்தாள். மாடிக்குச் சாப்பாடு கொண்டுபோனது, கட்டு நனையாமல் குளிப்பாட்டியது, தலை வாரியது எல்லாம் நான்தான். பெற்ற தாய் கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்று மாமியார் சொன்னபோது ஓடிப்போய்விடலாம் போல இருந்தது.

ஒரு மத்தியானம் பின்னல் போட்டுக்கொண்டிருந்தபோது அடக்க முடியவில்லை. முகத்தைப் பார்க்காமல் சொல்வது சுலபமாக இருந்தது.

"நான் ஆகுன்னு சொல்லல. ஆங்னுதான் சொன்னேன்."

"தெரியும்கா" என்றாள். "நல்லாவே கேட்டுச்சு."

என் கை நின்றுவிட்டது.

"சாக்கடை நாத்தம் வந்துச்சு. அதான் நின்னேன். நீங்க ஆங்னீங்க. அக்காதான் கண்ணால பாத்துகினு இருக்காங்களே, நம்ம மூக்குதான் தப்புன்னு நெனச்சு கால வெச்சேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்தது, அழுதபடி சொல்லியிருப்பேன். மீதிப் பின்னலை முன்பக்கம் இழுத்து அவளே போட்டுக்கொண்டாள். தன் மூக்கை நம்பாமல் என் வாயை நம்பி ஒருத்தி காலை வைத்திருக்கிறாள். நான் இதுவரை யாரையும் அப்படி நம்பியதில்லை, என் கணவரைக் கூட. படியிறங்கி வரும்போது எனக்கு அந்த நம்பிக்கையின் மீதும் பொறாமையாக இருந்தது. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

இந்த வருஷமும் செயலாளர் வந்தார், சின்ன மிஸ்ஸைத்தான் கேட்டார். "இனிமே அக்காவே நடத்தட்டுங்க. எனக்கு ஆபீஸ் வேலை சரியா இருக்கு" என்று அவள் சொல்லிவிட்டாள். மைக் முழுதாக என் கைக்கு வந்தது. கால்வாய்க் கல்லெல்லாம் மூடியிருக்கிறதா என்று நானே போய் மிதித்துப் பார்த்தேன். பெண்கள் வரிசையில் நின்றார்கள், ஒவ்வொருத்திக்கும் கட்டினேன். பொட்டு மூக்கில் உட்கார்ந்தது, தெரு சிரித்தது. நான் கேட்டதெல்லாம் எனக்குக் கிடைத்துவிட்டது.

அவள் எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கால் சரியாகிப் பல மாதம் ஆகிவிட்டது. துண்டோடு அவளிடம் போனேன்.

"நீயும் வாயேன். நான் கட்டிவிடறேன்."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எப்போதும் சிரிக்கிற அதே சிரிப்புத்தான்.

"இல்லக்கா. நான் கண்ணத் தொறந்துகினே பாக்கறேன்."

சரி என்று சொல்லிவிட்டு, அடுத்துக் காத்திருந்தவளுக்குக் கட்டப் போனேன்.