அலுமாரிக்கு வெளியே தெரிந்த டை

எண்பத்தாறில், ஜெர்மனியின் பான் நகருக்கு அருகே ஒரு சிற்றூரின் அகதிகள் விடுதியில் எங்களுக்கு ஓர் அறை கிடைத்திருந்தது. மகளுக்கு நான்கு வயது. விடுதியில் வேறு குழந்தைகள் இல்லை. நாள் முழுவதும் பெரியவர்களின் அகதி வழக்குக் கதைகளையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஊர் கிண்டர்கார்டனில் ஓர் இடம் இருப்பதாக அறிந்ததும், பானில் படித்துக்கொண்டிருந்த சென்னை மாணவர் ஒருவரை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போனோம்.

கிண்டர்கார்டன் தலைவி கேட்ட முதல் கேள்வி: வீட்டில் பிள்ளை என்ன விளையாடுவாள்?

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகும் யாழ்ப்பாணத்துத் தகப்பனிடம் இதற்கு ஒரு பதில்தான் உண்டு.

"விளையாடித் திரியிற பிள்ளை இல்லையெண்டு சொல்லுங்கோ, தம்பி. மூண்டாம் வாய்ப்பாடு முழுக்கப் பாடம்."

"சார், அப்படியே சொல்லட்டுமா?"

"ஓம், வடிவாச் சொல்லுங்கோ."

"பொம்மையைத் தொடவும் மாட்டா எண்டு சொல்லுங்கோ" என்றாள் மனைவி, தன் பங்குக்கு.

அவர் சொன்னார். தலைவியின் பேனா நின்றது. தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார்.

"பாப்பாவுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையான்னு கேக்கறாங்க."

இல்லையென்று இருவரும் தலையாட்டினோம். தலைவி மேலும் பேசினார். மாணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அடுத்த வாரம் வீட்டுக்கு வருவாங்களாம். பாப்பா விளையாடறதைப் பார்த்துட்டுத்தான் சீட்டாம். அதுக்கு இன்னொரு ஃபேமிலியும் வெயிட்டிங், சார்."

அறைக்குத் திரும்பியதும், எத்தனை மணிக்கு என்ன விளையாட்டு என்று ஒரு தாளில் நேரசூசி போட்டேன். மகள் அதை மடித்துத் தொப்பியாக்கி எனக்கே போட்டுவிட்டாள். பிரித்து அடுக்கிப் பழகட்டும் என்று மனைவி பருப்பையும் கடலையையும் கலந்து கொடுத்தாள். மகள் அதைக் கட்டிலின் மேல் மழையாகப் பெய்தாள்.

"அப்பா, நீங்கள் ஆடு. மழையில நனையுறீங்கள்."

"என்ன ஆடு? ஆருடைய ஆடு?"

"அகதி விசாரணைக் கந்தோர்க் கேள்வியை விட்டிட்டு நாலு காலில நில்லுங்கோ" என்றாள் மனைவி.

நின்றேன். அன்றிலிருந்து பாடம் எங்களுக்குத்தான். மகளுக்கு மிகவும் பிடித்தது ஒளித்துப் பிடிப்பது. ஒரே அறை, ஒளிக்க அலுமாரி, கட்டிலின் அடி, யன்னல் திரை. ஆள் இருக்கும் இடம் தெரிந்தாலும் மற்ற இடமெல்லாம் தேடிவிட்டுத்தான் அங்கே போகவேண்டும். கண்டுபிடிக்கும்வரை வெளியே வரக்கூடாது. சட்டம் அவளுடையது.

தலைவி வரும் நாளில் நான் டை கட்டியிருந்தேன். மனைவி கடலை வடை சுட்டு வைத்திருந்தாள். மகள் அலுமாரிக் கதவைத் திறந்து பிடித்தாள்.

"இப்ப ஏலாது, பிள்ளை. ஆக்கள் வரப்போகினம்."

அவள் முகம் சுருங்கியது.

"விளையாட்டைப் பாக்கத்தானே வருகினம்? போய் ஒளியுங்கோ" என்று சொல்லிவிட்டு மனைவி திரைக்குப் பின்னால் போனாள். நான் அலுமாரிக்குள் புகுந்தேன். உடனே கதவு தட்டப்பட்டது. மனைவி திறப்பாள் என்று நான் இருந்தேன்; நான் திறப்பேன் என்று அவள். திறந்தது மகள்.

இடுக்கு வழியாகப் பார்த்தேன். மாணவருடன் வந்த தலைவி ஆளில்லாத அறையைச் சுற்றிப் பார்த்தார். மகள் உதட்டில் விரலை வைத்து, அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். தலைவியின் பார்வை அலுமாரிக் கதவில் நின்றது. என் டையின் நுனி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"சார், டை தெரியுது" என்றார் மாணவர் மெதுவாக.

"சொல்லக்கூடாது, மாமா!"

தலைவி திரும்பினார். தேநீர்க் கேத்தலின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு முழங்காலிட்டுக் கட்டிலுக்கடியில் தேடினார். வடைத் தட்டையும் தூக்கிப் பார்த்தார். மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டாள். கடைசியாகத்தான் அலுமாரி திறந்தது.

"குட்டன் டாக்" என்று வணக்கம் சொன்னேன்.

தலைவி கட்டிலில் அமர்ந்து மகளிடம் நேராக ஏதோ கேட்டார். "திங்கட்கிழமைலேருந்து வர்றியான்னு கேக்கறாங்க, பாப்பா" என்றார் மாணவர்.

மகள் யோசித்தாள். "வாறன். அப்பாவும் வரவேணும். அவருக்கு ஒளிக்கத் தெரியாது."

மொழிபெயர்ப்பைக் கேட்ட தலைவி என்னை மேலும் கீழும் பார்த்துப் பதில் சொன்னார்.

"சாரி, சார். சீட்டு ஒண்ணுதான் இருக்காம். அது பாப்பாவுக்காம்."

யன்னல் திரை விலகியது. "காலமை எத்தினை மணிக்குக் கொண்டந்து விடவேணும்?" என்றாள் மனைவி.

"அம்மா!" மகள் கத்தினாள். "உங்களை இன்னும் கண்டுபிடிக்கேல்லை. உள்ளுக்குப் போங்கோ!"