வருஷத்துக்கு ஒரு முறை பாலயூர்

எங்கள் கல்லூரி மதுரை ஒத்தக்கடைக்கு அந்தப் பக்கம், மேலூர் ரோட்டில் இருக்கிறது. வேதாகமக் கல்லூரி என்று பெயர்தான் பெரிது. மொத்தமே இருபத்திரண்டு பிள்ளைகள், நாலு வாத்தியார்கள், ஒரு குமாஸ்தா. அந்தக் குமாஸ்தா இசைவாணியாகிய நான்தான். என் சத்தத்தைக் கேட்டால் மேலூர் பஸ்ஸே நின்று போகும் என்று பிள்ளைகள் கேலி பேசுவது எனக்குத் தெரியும். கத்தாவிட்டால் இந்தக் கழுதைகள் நேரத்துக்குச் சாப்பிடக்கூட வராதுகள்.

வருஷா வருஷம் தை மாதக் கடைசியில் மூன்று நாள் படிப்புப் பயணம் உண்டு. தோமா அப்போஸ்தலன் கடல் கடந்து வந்து சபைகளை நாட்டினார் என்று சொல்லப்படுகிற ஊர்களை நேரில் பார்த்து வருவோம். திருவிதாங்கோட்டில் தொடங்கி, கேரளத்துக்குள் கொல்லம், நிரணம், கொடுங்கல்லூர் என்று மேலே போய், பாலயூரில் முடிப்போம். சபைச் சரித்திரம் எடுக்கிற தமிழ்மாறன் சார்தான் தலைவர். பேசுவது அவர் வேலை. சோறு, மாத்திரை, தலை எண்ணுவது, வாந்தி எடுத்தவனுக்கு எலுமிச்சம்பழம் கொடுப்பது எல்லாம் என் வேலை.

நான் எழுத வந்தது தோமாவைப் பற்றி அல்ல. எங்களுக்குப் பதினோரு வருஷமாக வேன் ஓட்டிய சிவபாண்டியைப் பற்றி.

திருமங்கலத்துக்கு மேற்கே காடு கழனி பார்க்கிற ஒரு சம்சாரிக் குடும்பம் அவருடையது. வயது ஐம்பது. குலசாமியைக் கும்பிடாமல் வண்டிச் சாவியைத் திருப்ப மாட்டார். பிள்ளைகள் கீர்த்தனை பாடினால் ஸ்டியரிங்கில் தாளமும் போடுவார். தை மாதம் கல்யாண சவாரி குவிகிற மாதம். அத்தனையையும் விட்டுவிட்டு இந்த மூன்று நாளை மட்டும் எங்களுக்காக ஒதுக்கி வைப்பார். தமிழ்மாறன் சாருக்கு அதில் ஒரே பூரிப்பு. "சிவபாண்டிக்குள்ள கர்த்தர் கிரியை செய்றார்மா," என்று என்னிடம் ரகசியமாகச் சொல்லி, அவருக்கு ஒரு புதிய ஏற்பாடும் வாங்கிக் கொடுத்தார். அதைச் சிவபாண்டி வாங்கிக் கண்ணில் ஒற்றி, டேஷ்போர்டில் கருப்பசாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஒரு வருஷம் கொடுங்கல்லூரில் பிள்ளைகளுக்குள் சண்டை வந்துவிட்டது. தோமா நிஜமாகவே வந்தாரா, கல்வெட்டு உண்டா, ஓலை உண்டா என்று ஒருவன் கேட்க, மற்றவன் அவனை அவிசுவாசி என்று சொல்ல, சாப்பாட்டுத் தட்டு பறக்காத குறை. சாம்பார் வாளியைத் தூக்கி உதவி செய்துகொண்டிருந்த சிவபாண்டி நடுவில் புகுந்தார்.

"வந்தாரோ வரலையோ தம்பி, வந்தாருன்னு நெனச்சுக்கிட்டு இம்புட்டுப் பேரு இம்புட்டு வருசமா இருக்காங்கள்ல. அது போதாதா?"

"அது சரித்திரம் ஆகாது சிவபாண்டி," என்றார் சார்.

"ஆகாட்டிப் போகட்டும் சார்," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த தட்டுக்குப் போய்விட்டார்.

மற்ற ஊர்களில் எல்லாம், பிள்ளைகள் கோயிலுக்குள் போனதும் சிவபாண்டி துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவார். பாலயூரில் மட்டும் தூங்கியதே இல்லை. முதன்முதலில் ஞானஸ்நானம் நடந்ததாகச் சொல்லப்படுகிற குளத்தை நாங்கள் பார்த்துவிட்டு வரும்வரை, சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து எதிர்த் தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்பதாவது வருஷம் வரைக்கும் எனக்கும் அது உறைக்கவில்லை. அந்த வருஷம் மாத்திரைப் பையை எடுக்க வண்டிக்குத் திரும்பி வந்தேன். மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா ஆச்சு? வீட்ல ஏதும் பிரச்சனையா?"

"அந்தா பச்சக் கேட்டுப் போட்ட வீடு தெரியுதாக்கா? எந்தங்கச்சி வீடு."

பாண்டிமீனா அவருக்கு எட்டு வயது இளையவள். சைக்கிள் பாரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டதே இவர்தான். மதுரையில் நர்ஸ் படித்து, ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில், இந்த ஊர்க் கிறிஸ்தவப் பையன் ஒருவனைப் பிடித்துப்போய், பதிவுத் திருமணம் செய்துகொண்டு கிளம்பிவிட்டாள். இந்த வருஷத்தோடு அது நடந்து பத்தொன்பது வருஷம். அப்பா பெயர் காளை. அவர் ஒரு வார்த்தை கத்தவில்லை. மகளுடைய போட்டோவை எடுத்து மகன் கையில் கொடுத்து, "போஸ்டர் அடிச்சு ஒட்டிட்டு வா," என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் போஸ்டர்தான். காது குத்தினாலும் போஸ்டர், பிள்ளை சமைந்தாலும் போஸ்டர், செத்தாலும் போஸ்டர். ஓடிப்போன பெண்ணுக்குக் கண்ணீர் அஞ்சலி அடித்து ஊர் பூராவும் ஒட்டுகிற கொடுமையும் சில வீடுகளில் உண்டு. உசிரோடு இருக்கிற பிள்ளைக்கு! சிவபாண்டி அதைச் செய்தார். வாசகம் எழுதிக் கொடுத்தது அவர், பசை காய்ச்சியது அவர், திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஏணி போட்டு ஒட்டியதும் அவரேதான். யாரோ ஒரு புண்ணியவான் அதில் ஒன்றைக் கிழித்துத் தபாலில் அவளுக்கே அனுப்பிவிட்டான். அதோடு அவள் போனும் நின்றது, கடிதாசியும் நின்றது.

"வீம்புக்கு ஒட்டுனேன்க்கா. நாலு பேரு பாக்கணும்னு ஒட்டுனேன். மறுநாளு அந்தப் பக்கம் பஸ்ஸுல போறேன், செவுத்துல இருந்து எந்தங்கச்சி என்னயப் பாத்துச் சிரிக்கிறா. எறங்கி ஓடிப்போயிக் கிழிக்கலாமான்னு இருந்துச்சு. கிழிக்கல."

எனக்கு வந்த கோபத்தில் மாத்திரைப் பையாலேயே அவரை நாலு சாத்து சாத்தியிருப்பேன். "இருபது எட்டு வைச்சா வீடு. ஒன்பது வருஷமா இங்க வந்து உக்காந்துட்டு என்னய்யா பண்றீரு? எறங்கிப் போயிக் காலுல விழ வேண்டியதுதானே?"

"எங்கய்யா சத்தியம் வாங்கிட்டாருக்கா. அவரு கண்ண மூடுற வரைக்கும் அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு கோயில்ல சூடத்த அணைச்சிருக்கேன்." பிறகு அசட்டுச் சிரிப்போடு கேட்டார். "அவ என்னயப் பாக்காம நான் மட்டும் பாத்தா அது முழிச்சதுல சேராதுல்லக்கா?"

அதற்குத்தான் வருஷத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரம். அதுவரை நாலு தடவை பார்த்திருக்கிறாராம். ஒரு தடவை துணி காயப்போட்டாள். ஒரு தடவை மீன்காரரோடு பேரம் பேசினாள். ஒரு தடவை யூனிபாரம் போட்ட சின்னப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். நாலாவது தடவை கேட்டைச் சாத்துகிற கை மட்டும் தெரிந்ததாம். அதையும் சேர்த்துத்தான் நாலு என்று சொன்னார்.

அதற்கப்புறம் நான் தமிழ்மாறன் சாரிடம் சண்டை போட்டுப் பாலயூருக்கு அரை மணி நேரம் கூட்டி வாங்கினேன். குளத்தைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்லுங்கள் சார் என்றால் போதும், மனுஷன் மறுக்கவே மாட்டார்.

இந்த வருஷம் கிளம்புகிற அன்று அதிகாலையில் வண்டி வந்து நின்றது. சிவபாண்டி இறங்கினார். தலை மொட்டை. மீசை இல்லை. பதினோரு வருஷமாகப் பார்த்த முகம், மீசை இல்லாமல் யாரோ மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

"அய்யாவா?"

"ஆமாக்கா. பதினாறாம் நாளு காரியம் நேத்துத்தான் முடிஞ்சது."

"தங்கச்சிக்குச் சொன்னீரா?"

அவர் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினார். திருநெல்வேலி தாண்டிய பிறகுதான், முன் சீட்டில் இருந்த எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். சாவுச் செய்தியை நாங்கள் கேதம் என்போம். அப்பா காளை இறந்த அன்று ஊர் ஊராகக் கேதம் சொல்ல ஆள் பிரித்தபோது, பாலயூருக்கு யார் போவது என்று இவர் மெதுவாகக் கேட்டிருக்கிறார். "போஸ்டர் அடிச்ச பிள்ளைக்குக் கேதமாடா?" என்று பங்காளி ஒருவர் சிரித்தாராம். இவர் அன்றும் வாயை மூடிக்கொண்டார்.

"ஒரு போன் போட்டிருக்கலாமேய்யா!"

"பெத்த மகளுக்குப் போன்லயாக்கா கேதம் சொல்லுவாங்க? ஆளு போயி நிக்கணும்க்கா."

"கடைசியில அவளப் பத்தி உங்கப்பா ஏதாச்சும் சொன்னாரா?"

"பதினஞ்சு நாளு படுக்கையில கெடந்தாரு. மாட்டக் கேட்டாரு. வரப்பு வெட்டியாச்சான்னு கேட்டாரு. மோட்டார் ரூம் சாவியக்கூடக் கேட்டாரு. அவ பேரு மட்டும் வாயில வரல. நான் காதுக்கிட்டயே உக்காந்திருந்தேன்க்கா, வரவே இல்ல."

மூன்று நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நிரணத்தில் ஒரு தடவை, கொடுங்கல்லூரில் இரண்டு தடவை, ஒரே கேள்வியைக் கேட்டார். "அவ கேட்டத் தெறக்கலேன்னா என்னக்கா செய்றது?" எனக்கு என்ன தெரியும்? ஜெபம் பண்ணுகிறேன் என்றேன். பண்ணவும் செய்தேன். பத்தொன்பது வருஷம் ஒரு மனுஷன் ஏங்கியதெல்லாம் அந்த ஒரு கேட்டுக்கு முன்னால் போய் நிற்கத்தான், நிற்கிற நாள் வந்தபோது அவர் கையில் இருந்தது சாவுச் செய்தி. ஆண்டவரே, இது என்ன நியாயம் என்று நான் கோபமாகவே கேட்டேன்.

பாலயூரில் பிள்ளைகள் இறங்கிப் போனதும் அவர் என் பக்கம் திரும்பினார். "அக்கா, கேதம் சொல்ல ஒத்தையாப் போகக் கூடாது. ரெண்டு பேராப் போறதுதான் மொற. நீங்க வாரீகளா?"

நான் அவருக்கு என்ன முறை? ஜாதி வேறு, சாமி வேறு. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். "அம்மா, தலை எண்ணலையா?" என்று சார் தூரத்திலிருந்து கூப்பிட்டார். "இன்னைக்கு நீங்களே எண்ணிக்குங்க சார்!" என்று கத்திவிட்டு நடந்தேன்.

கேட்டைத் தட்டியதும், "ஆரா?" என்று மலையாளத்தில் கேட்டுக்கொண்டே வந்தாள் பாண்டிமீனா. நைட்டிக்கு மேல் துண்டு போட்டிருந்தாள். நெற்றியோரம் நரை ஓடியிருந்தது. கேட் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு அண்ணனை. அவர் முகத்தை முதலில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் அவள் கண் மொட்டைத் தலைக்குப் போனது, அங்கிருந்து மீசை இல்லாத உதட்டுக்கு இறங்கியது. சிவபாண்டி வாயைத் திறந்தார். சொல்ல வந்ததை அவர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

"எப்ப?"

"பதினேழு... இன்னையோட பத்தொம்போது நாளாச்சு தாயி."

அவள் திரும்பி வீட்டுக்குப் பின்னால் போனாள். கேட் சாத்தியபடியே இருந்தது. கிணற்றில் வாளி விழுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம், மறுபடி வாளி, மறுபடி தண்ணீர். பத்தொன்பது வருஷமாக வேறு தேசம், வேறு பாஷை, ஞாயிற்றுக்கிழமைப் பூசை என்று வாழ்கிறவள், அப்பன் செத்த சேதி கேட்டதும் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். சிவபாண்டி வெயிலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்தபோது கூந்தலும் துணியும் ஒழுகிக்கொண்டிருந்தன. கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"அன்னைக்கே ஏண்ணே சொல்லல?"

அண்ணே என்ற சொல்லைக் கேட்டதும் அவர் உடைந்துபோனார். "சொல்ல வாயி வரல தாயி. பங்காளிக எல்லாம்..."

"போஸ்டர் ஒட்ட மட்டும் கையி வந்துச்சு."

"தப்புத்தான் தாயி. நான் செஞ்சது தப்புத்தான்."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு சின்னப் பிள்ளைக் குரலில் கேட்டாள். "கடைசியில என்னயக் கேட்டாராண்ணே?"

பக்கத்தில் நின்ற என்னை அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"கேட்டாரு தாயி. மீனா எங்கடா, மீனாவ வரச் சொல்லுடான்னு கேட்டாரு."

அவள் நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தை அவளுக்குத் தெரியாதா?

"பொய் சொல்றண்ணே," என்றாள். கேட்டின் தாழ்ப்பாளை நீக்கினாள். "உள்ள வந்து இன்னொரு தடவ சொல்லு."