இரவல் சட்டை

செயின்ட் ரூபர்ட் மைதானத்தின் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. 'லியாண்டர் ஹெஷன். இருபத்தைந்து ஆண்டு. ஒரே அணி. விசுவாசம்.' முதல் மூன்றும் உண்மை. நான்காவதை எழுதியவர்கள் அவனிடம் கேட்காமல் எழுதிவிட்டார்கள். கேட்டிருந்தால் 'வஞ்சம்' என்று திருத்தியிருப்பான்.

மினசோட்டாவின் இந்தப் பக்கத்தில் எந்தச் சின்ன ஊருக்கும் ஒரு பேஸ்பால் அணி உண்டு. பால் பண்ணைக்காரர்களும் தபால்காரர்களும்தான் ஆடுவார்கள். ஆகஸ்டில் வட்டாரத்தை வெல்லும் அணி மாநிலப் போட்டிக்குப் போகும். போகும்போது, தோற்ற அணிகளிலிருந்து பந்து வீசுகிறவர்கள் மூன்று பேரை இரவல் வாங்கிக்கொள்ளலாம். நேற்றுவரை எதிரியாக இருந்தவன் இரண்டு வாரம் நம் சட்டையைப் போட்டுக்கொண்டு நமக்காக வீசுவான்.

1964இல் பக்கத்து ஊரான பெர்ச் லேக்கின் அணி வட்டாரத்தை வென்றது. அதன் மேலாளர் எர்வின் க்ரோன், இருபத்தொரு வயது லியாண்டரை இரவல் கேட்டார். அந்தக் கோடையில் லியாண்டர் அவரை இரண்டு முறை தோற்கடித்திருந்தான். கூப்பிட்டதும் பெருமையோடு போனான். அவன் அப்பாவுக்கு ஈரல் கெட்டு, வயிற்றில் நீர் கோத்திருந்த நேரம். பசுக்களைப் பக்கத்துப் பண்ணைக்காரனிடம் ஒப்படைத்துவிட்டு, மகன் வீசுவதைப் பார்க்க மூன்று நாள் வெயிலில் மரப்படியில் உட்கார்ந்திருந்தார்.

க்ரோன் மூன்று நாளும் லியாண்டரை ஓரத்தில் பந்து போட்டுக் கையைச் சூடு பண்ணச் சொல்வார், பிறகு பெஞ்சில் உட்காரவைத்துவிடுவார். ஒரு பந்துகூட ஆட்டத்தில் வீச விடவில்லை.

"ஏன் சார், என் முறை எப்ப வரும்?"

"இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு பெஞ்சுல உட்கார்ந்திருக்கியே, அதைப் பார்க்கத்தான்டா கூட்டிட்டு வந்தேன்."

நவம்பரில் அப்பா இறந்தார்.

அதன்பின் லியாண்டருக்கு வாழ்க்கையில் ஒரே வேலைதான் இருந்தது. தன் கை இருக்கும்வரை பெர்ச் லேக் மாநிலப் போட்டிக்குப் போகக் கூடாது. 1966இல் ஒரு பெரிய அணியின் ஆள் ஒப்பந்தத்தோடு சமையலறை மேசையில் வந்து உட்கார்ந்தார்.

"ஆகஸ்டுல நான் எங்க இருப்பேன்?"

"ஐயோவாவுல, பயிற்சி அணியில."

"அப்ப ஆகாது. ஆகஸ்டுல எனக்கு இங்க வேலை இருக்கு."

அவன் மனைவி ரோசெல்லா, முதியோர் இல்லத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவள், அந்த ஆள் தொட்டுப்பார்க்காத காபியைத் தொட்டியில் கொட்டினாள். "பைத்தியத்துக்கு வாக்கப்பட்டுட்டேன்," என்றாள், அவ்வளவுதான்.

ஆண்டுதோறும் வட்டாரப் போட்டியில் பெர்ச் லேக்கை வீழ்த்தினான். அந்த ஒரு ஆட்டத்துக்கே கையின் முழுச் சத்தையும் கொடுத்துவிட்டு, மறுநாள் தோளில் பனிக்கட்டிப் பையோடு கிடப்பான். அடுத்த ஆட்டத்தில் செயின்ட் ரூபர்ட் தோற்கும். இருபது ஆண்டு இதே கதை. இவனால் பெர்ச் லேக்கும் போகவில்லை, இவன் ஊரும் போகவில்லை. ஊர் அதைக் கணக்குப் பார்க்கவில்லை. இப்படி ஒரு விசுவாசியா என்று மெச்சியது.

1985இல் மழை குறுக்கிட்டது. பெர்ச் லேக்கை வென்ற மறுநாள் தொடங்கி நான்கு நாள் விடாத மழை. லியாண்டரின் கை தேறிவிட்டது. அவனுக்கே ஆச்சரியமாக, அடுத்த ஆட்டத்தையும் வென்றான்; செயின்ட் ரூபர்ட்டுக்கு மாநிலப் போட்டி வாய்த்தது. நாற்பத்திரண்டு வயது, ஆடிக்கொண்டே அணியை நடத்துகிறவனும் அவன்தான். யாரை இரவல் எடுக்கலாம் என்று கேட்டதும் யோசிக்காமல் சொன்னான்: "டுவேன் க்ரோன்."

எர்வினின் மகன். இருபத்தாறு வயது, வட்டாரத்திலேயே வேகமான கை. ஊரார் கைதட்டினார்கள். ரோசெல்லா தட்டவில்லை.

"அவனை உட்கார வைக்கப் போற."

"அவங்க அப்பன் பார்க்கட்டும்."

டுவேன் முதல் நாள் வரும்போது கக்கத்தில் ஒரு மெத்தைத் திண்டு வைத்திருந்தான்.

"இது எதுக்கு?"

"அப்பா குடுத்து விட்டார், சார். 'அந்தக் கிழட்டுப் பய உன்னை ஒரு பந்துகூட வீச விட மாட்டான், பெஞ்சு வெறும் பலகை, பின்னாடி வலிக்கும்'னார்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். லியாண்டருக்கு முகம் எரிந்தது. இருபத்தொரு வருடம் பொத்தி வைத்த பழியை எதிரி முன்கூட்டியே படித்து, அதற்குத் திண்டும் தைத்து அனுப்பியிருக்கிறான். எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவனுக்கு அடி வலிக்குமா?

"இப்படிக் குடு. எனக்கு மூலம்," என்று வாங்கித் தனக்குக் கீழே போட்டுக்கொண்டான். பிறகு கடுகு மஞ்சளில் ஒரு சட்டையை எடுத்து நீட்டினான். செயின்ட் ரூபர்ட்டின் நிறம் அது, பார்க்கச் சகிக்காது. "போட்டுக்க. நீதான் வீசப் போற. எல்லா ஆட்டமும்."

டுவேன் வீசினான். இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனான். எர்வின் க்ரோன் மடக்கு நாற்காலியில், பெர்ச் லேக்கின் நீலத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடம் அவர் ஏங்கிய மாநிலக் கோப்பையை அவர் மகன் வென்றுகொண்டிருந்தான், செயின்ட் ரூபர்ட் என்று நெஞ்சில் எழுதிக்கொண்டு. கடைசிப் பந்தை லியாண்டர் பார்க்கவே இல்லை. எர்வினின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவை சற்று நேரம் மடியில் கிடந்தன. பிறகு எழுந்து தட்டின. தன் அப்பா வெயிலில் உட்கார்ந்திருந்த மூன்று நாளுக்கும் சேர்த்து அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டான்.

அந்த ஆண்டோடு ஆட்டத்தை விட்டான். ஊர் பலகை வைத்தது. எதிரியின் மகனுக்கு வாய்ப்புக் கொடுத்த பெருந்தன்மை என்று பாதிரியார் பிரசங்கத்தில் வேறு சொன்னார்.

பிப்ரவரியில் எர்வினுக்குப் பக்கவாதம் வந்தது. பெர்ச் லேக்கில் முதியோர் இல்லம் கிடையாது. செயின்ட் ரூபர்ட் இல்லத்துக்குக் கொண்டுவந்தார்கள், ரோசெல்லா வேலை பார்க்கும் பகுதிக்கு. லியாண்டர் சும்மா இருக்கவில்லை. கோப்பையோடு டுவேன் கடுகு மஞ்சள் சட்டையில் நிற்கும் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, எர்வினைச் சக்கர நாற்காலியில் சாப்பாட்டுக்குக் கொண்டுபோன நேரத்தில் கட்டிலுக்கு நேர் எதிரே ஆணியடித்து மாட்டிவிட்டு வந்தான்.

அன்று மாலை ரோசெல்லா படுக்கைப்புண் வராமலிருக்க எர்வினைத் திருப்பிப் படுக்கவைத்தபோது அதைப் பார்த்தாள். யார் வேலை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"கழட்டிடறேன், எர்வின்."

அவர் நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, சொல் மெதுவாகத்தான் வந்தது. "என் பையன் அது. இருக்கட்டும்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "கோணலா இருக்கு. உன் வீட்டுக்காரனுக்கு ஆணிகூட அடிக்கத் தெரியாதுன்னு சொல்லு."

அவள் அப்படியே போய்ச் சொன்னாள். மறுநாள் காலையில் லியாண்டர் சுத்தியலும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் நுழைந்தான். ஆணியைப் பிடுங்கி, மட்டம் பார்த்து, திரும்ப அடித்தான்.

"நிறம் சகிக்கலடா," என்றார் எர்வின்.

"அதுக்குத்தான் மாட்டினேன்."

இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தான். நேராக இருந்தது.