போதும் என்று அவர்கள் சொல்லவில்லை

மில்பிடாஸில் நான் சமையல் பார்க்கும் ஓட்டலில் பிரியாணிக்குத் தம் போட்டு, அண்டா மூடியைச் சுற்றி மாவு ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த போன் வந்தது. கை முழுக்க மைதா. தெரியாத நம்பர் என்றால் நான் எடுப்பதில்லை. இங்கிலீஷில் பேசுவார்கள், நானும் "எஸ், எஸ்" என்று எதற்காவது சம்மதித்துவிடுவேனோ என்ற பயம். அன்றைக்கு ஏனோ எடுத்துவிட்டேன். "பாய், கிளினிக்ல பில்லிங் பாக்குறவ பேசுதேன். நீங்க யாரு கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேங்கீங்களாம், எனக்குத் தமிழ் தெரியும்னு என்னைய பேசச் சொன்னாங்க. உங்க பையன் நாலு வாரமா வரலியே, என்ன விஷயம்?" தூத்துக்குடிப் பேச்சு. "அவனுக்கு நல்லாயிடுச்சு மேடம்" என்றேன். "டாக்டர் சொன்னாங்களா, நீங்களா சொல்லிக்கிட்டீங்களா?" அடுப்பில் வேலை கிடக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். தம்மில் இருக்கிற அண்டாவுக்கு என்ன வேலை? அதையே வெறித்துக்கொண்டு நின்றேன்.

மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை, பக்கத்து அபார்ட்மெண்டில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சுவரில் காதை வைத்தபடி உட்கார ஆரம்பித்தான். மனநோய், சைக்கோசிஸ் என்றார்கள். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் பிள்ளையை மீட்டுவிடலாம் என்று இரண்டு வருடத் திட்டம் ஒன்றில் சேர்த்தார்கள். டாக்டர் ஒருவர், பேசுவதற்கு ஒருவர், படிப்புக்கோ வேலைக்கோ திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒருவர். செவ்வாய்க்கிழமைகளில் பெற்றவர்களுக்கும் வகுப்பு. அந்த நாளுக்குச் சம்பளம் கிடையாது. முதலாளியிடம் முட்டிவலி என்று சொல்லியிருந்தேன். பாவம், அந்த மனிதர் தைலம்கூட வாங்கிக் கொடுத்தார்.

பிறகுதான் இன்சூரன்சிலிருந்து கவர்கள் வரத் தொடங்கின. நான் எட்டாவதோடு நின்றவன். இங்கிலீஷ் எழுத்து தெரியும், வாக்கியம் புரியாது. ஆனால் எண்கள் நன்றாகப் புரியும். கூட்டிப் பார்த்தால் என் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம்தான். உன் நோய்க்கு இவ்வளவு ஆகிறது என்று அவன் கையிலேயே எப்படிக் கொடுப்பது? காலி அரிசிப் பை ஒன்றில் திணித்து பரணில் வைத்தேன். ஒவ்வொரு கவர் வரும்போதும் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். ஒருநாள் தாங்க முடியாமல், "இனி வர வேணாம், போதும்னு கிளினிக்ல சொல்லிட்டாங்கப்பா" என்று அவனிடம் சொல்லிவிட்டேன். "சீரியஸ்லி, அத்தா? ஐ'ம் டன்?" என்று சிரித்தான். பல மாதமாக நான் பார்க்காத சிரிப்பு அது. அதைப் பார்த்தபின் உண்மையைச் சொல்ல எப்படி மனசு வரும்?

கிளினிக்கில் கொடுத்திருந்த மாத்திரை தீர்ந்தது. மேடத்தின் போன் வந்த மூன்றாம் நாள், வண்டிகள் பறக்கும் 880 ஃப்ரீவேயின் ஓரமாக வெறும் சாக்ஸோடு நடந்துபோனவனை போலீஸ் பிடித்து நிறுத்தியது. ஆம்புலன்ஸ். பதினோரு நாள் ஆஸ்பத்திரி.

அதற்குப் பிறகுதான் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு மேடத்திடம் போனேன். "என்ன பாய், பத்து கிலோவா இருவதா?" என்றபடி வாங்கி, ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் அடுக்கினார். பாதியில் கை நின்றது. "பாய், இதுல முக்காவாசி பில்லே இல்ல. இன்சூரன்ஸ்காரன் கிளினிக்குக்கு என்ன குடுத்தான்னு உங்களுக்கு ஒரு காப்பி, அவ்வளவுதான். பில் இல்லன்னு மேலயே போட்ருக்கு பாருங்க." விரல் வைத்துக் காட்டினார். நாங்கள் கட்ட வேண்டியது சின்னத் தொகையாக மூன்றே மூன்று தாள். கடைசியில் இரண்டு தாளைத் தனியாக எடுத்து வைத்தார். "இது ரெண்டும் பில்தான்" என்றார் மெதுவாக. ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ்.

திட்டியிருந்தால் தேவலை. அவரோ தொகையைக் குறைக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும் படிவத்தை எடுத்து, தன் மதியச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு நிரப்பினார். கையெழுத்து மட்டும் என்னுடையது. "அன்னைக்கு போன்ல நானும் இன்னுங் கொஞ்சம் துருவிக் கேட்டிருக்கணும். பாய் ஏதோ கோவத்துல இருக்காருன்னு விட்டுட்டேன்" என்று தன்மேல் குறைபட்டுக்கொண்டார். மகனிடம் நான் சொன்ன பொய்யை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.

கிளினிக்கின் பல மாதச் செலவை அந்தப் பதினோரு நாள் தின்றுவிட்டது. அது தாளில் வந்த செலவு. காலேஜில் வீணாய்ப் போன ஒரு செமஸ்டர், ஆஸ்பத்திரியில் எட்டாவது நாள்தான் என் முகத்தைப் பார்த்துப் பேசினானே, அதையெல்லாம் எந்தத் தாளில் அச்சடிப்பார்கள்? இன்னொன்றும் என்னை விடாமல் அரிக்கிறது. அந்தத் தாள்கள் நிஜமாகவே பில்லாக இருந்திருந்தால், நான் செய்தது சரி என்று ஆகியிருக்குமா? கேஸை அணைத்தோமா என்று மூன்று முறை பார்க்கிறவன் நான். இதை எத்தனை முறை திரும்பத் திரும்பப் பார்த்தாலும் பதில் கிடைக்கவில்லை.

மேடம் ரிட்டயராகி, மகள் வீட்டோடு டல்லாஸ் போய்விட்டார். மகன் இப்போது ஃப்ரீமான்டில் ஒரு மளிகைக் கடையில் பாதி நாள் வேலை பார்க்கிறான். நின்றுபோன கிளினிக்குக்கு மறுபடியும் சேர்ந்து, தானே பஸ் ஏறிப் போகிறான். போன செவ்வாய்க்கிழமை பெற்றவர்கள் வகுப்பில் சொன்னார்கள்: அடுத்த மாதத்தோடு இரண்டு வருடம் முடிகிறது, இனி எல்லோரும் போகிற சாதாரண கிளினிக்தான், இடம் கிடைக்கக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தேன். வேலைக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். "அடுத்த மாசத்தோட அங்க முடியுதாம்பா" என்றேன்.

கட்டிக்கொண்டிருந்த லேஸை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "இஸ் இட் ரியல் திஸ் டைம், அத்தா?"

கோபமாகக் கேட்கவில்லை. மணி என்ன என்று கேட்பதுபோலத்தான் கேட்டான். இத்தனை நாளும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. "அன்னைக்கு அவங்க சொல்லலடா. நான்தான் சொன்னேன்" என்றேன். "ஐ நோ" என்றான்.

இந்தத் தடவை நிஜம்தான். ஆனால் ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனை எடுத்து அவனிடம் நீட்டினேன். "கிளினிக்குக்கு நீயே கூப்பிட்டுக் கேளு. ஸ்பீக்கர்ல போடு."